என்ஜின் உதறுது சார்!

ஹேங்கர் வாசல்: வாசகர் கேள்வி – பதில்

சின்ன விமானங்களைப் பழுது பார்த்தே தலை நரைத்தவன் நான். இந்த மாதத் தபாலில் பாதிக்கு மேல் ஒரே புகார்: பிஸ்டன் என்ஜின் உதறுகிறது, மிஸ்ஸிங் அடிக்கிறது, என்ன மாற்றலாம்? எதையும் மாற்றுவதற்கு முன்னால் எல்லாரிடமும் ஒன்று கேட்கிறேன். எப்போது உதறியது? காலையிலா, சூடான பிறகா, ஐடிலிலா, ஏறும்போதா, இறங்கும்போதா? பல கடிதங்களில் இதைத் தவிர மற்ற எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். விமானத்தின் நிறம்கூட எழுதியிருக்கிறார் ஒருவர்.

கேள்வி: செஸ்னா 152-ல் பயிற்சி எடுக்கிறேன். போன வாரம், கிளம்பும் முன் என்ஜினைச் சோதிக்கும் ரன்-அப் செய்தபோது வலது மேக்னெட்டோவுக்கு மாற்றியதும் 200 ஆர்.பி.எம். இறங்கி, விமானமே உதறியது. இன்ஸ்ட்ரக்டர் எரிபொருள் அளவைக் குறைக்கும் மிக்ஸ்சர் குமிழைக் கொஞ்சம் வெளியே இழுத்து, த்ராட்டிலைக் கூட்டி ஒரு நிமிடம் ஓட்டினார். மறுபடி பார்த்தால் 80தான் இறங்கியது. ‘போலாம்’ என்றார், போனோம். அது சரியா? அவரிடமே கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று உங்களுக்கு எழுதுகிறேன்.
(பயிற்சி விமானி, பெயர் வேண்டாம்)

பதில்: அவர் செய்தது சரிதான் அம்மா. உங்களுக்குச் சொல்லிக்கொடுக்காமல் செய்தாரே, அதுதான் சரியில்லை.

உங்கள் விமானத்தில் நாலு சிலிண்டர், எட்டு பிளக். ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு பிளக்குக்கு இடது மேக்னெட்டோ பொறி கொடுக்கும், இன்னொன்றுக்கு வலது. ஒன்றை அணைத்தால் தீ ஒரே பக்கத்திலிருந்து பரவ வேண்டும். எரிந்து முடிய நேரம் பிடிக்கும். வேகம் லேசாகக் குறையும். ஆகவே 1700 ஆர்.பி.எம்.-ல் பார்க்கும்போது 125 வரை இறங்கலாம், இரண்டு மேக்னெட்டோவுக்கும் இடையே 50-க்கு மேல் வித்தியாசம் கூடாது என்கிறது கையேடு. 200 இறங்கி உதறலும் சேர்ந்துகொண்டால், அந்த மேக்னெட்டோவில் ஏதோ ஒரு சிலிண்டர் வேலைக்கே வரவில்லை. இரண்டும் சேர்ந்து ஓடுகிறபோது அதே சிலிண்டரின் மற்ற பிளக் விஷயத்தை மூடி மறைத்துவிடும்.

பெரும்பாலும் ஈயம்தான் காரணம். நம் சாலைகளில் ஈய பெட்ரோல் 2000-லேயே ஒழிந்தது. இந்த விமானங்களுக்கு ஊற்றும் ஏவ்காஸ் 100எல்எல் பெட்ரோலில் இன்னும் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். அதைப் புகையோடு வெளியே அனுப்ப எரிபொருளிலேயே ஒரு புரோமின் சேர்மமும் கலந்திருக்கிறார்கள். ஆனால் பிளக்கின் மூக்கு நல்ல சூட்டில் இருந்தால்தான் அந்த ஏற்பாடு நடக்கும். மிக்ஸ்சரை முழுக்க உள்ளே தள்ளி, ஐடிலில் முனகவிட்டு, ரன்வேக்கு வரிசையில் காத்திருந்தால் சூடு எங்கே ஏறும்? ஈயம் பொடி உருண்டைகளாகக் கீழ்ப் பிளக்கில் உட்கார்ந்துகொள்ளும். உங்கள் 152-க்கு இந்தத் தொல்லை பிறந்ததிலிருந்தே உண்டு. 1983-ல் அதன் லைகாமிங் ஓ-235 என்ஜினின் எரியறையை மாற்றி, 110 குதிரைத்திறனை 108 ஆக்கினார்கள். ஈயப் படிவைக் குறைக்கத்தான்.

இன்ஸ்ட்ரக்டர் மிக்ஸ்சரைக் குறைத்து ஓட்டியது அந்த மூக்கைச் சூடாக்கி ஈயத்தை எரித்துத் தள்ள. ஒரு முறை, மிஞ்சினால் இன்னொரு முறை. அதற்கும் மசியவில்லை என்றால் விமானத்தைத் திருப்பி ஹேங்கருக்கு ஓட்டி வாருங்கள். அடுத்த முறை இது வராமல் இருக்க, தரையில் 1000-க்குக் கீழே முனகவிடாதீர்கள், மிக்ஸ்சரையும் குறைத்தே வையுங்கள். குறைப்பதைத் தாராளமாகக் குறைக்க வேண்டும். மறந்துபோய் த்ராட்டிலைத் தள்ளினால் என்ஜின் திணறி அணையப் பார்க்கிற அளவுக்கு. அரைகுறையாக இழுத்து வைத்தால் அப்படியே டேக்-ஆஃப் போய்விடலாம். முழு பவரில் எரிபொருள் போதாமல் சிலிண்டர் கொதிக்கும்.

சரியாகிவிட்டதே என்று விமானத்தின் பழுதுக் குறிப்பேடான டெக் லாகில் எழுதாமல் விட்டிருப்பீர்கள். எழுதுங்கள். ‘என்ஜின் ரஃப்’ என்று இரண்டே வார்த்தையில் முடிக்காமல் எழுதுங்கள். அந்த இரண்டு வார்த்தையைப் படித்து நான் விட்ட சாபம் கொஞ்சநஞ்சமல்ல. எந்த மேக்னெட்டோ, எத்தனை இறங்கியது, மிக்ஸ்சரைக் குறைத்ததும் தெளிந்ததா, ஆர்.பி.எம். இறங்கும்போது உதறியதா. கடைசிக் கேள்வி முக்கியம். உதறலோடு இறங்கினால் நாங்கள் முதலில் பிளக்கைக் கழற்றுவோம். உதறாமல் இரண்டு பக்கமும் ஒரே சீராக நிறைய இறங்கினால் பிளக்கை விட்டுவிட்டு, பொறி விழும் நேரமான டைமிங்கையும் மிக்ஸ்சரையும் பார்ப்போம். இந்த ஒரு வரியால் எங்களுக்கு அரை நாள் மிச்சம்.

மாற்றிப் பார்க்கும்போது ஒரு ஆர்.பி.எம்.கூட இறங்கவில்லை என்றால்? ‘சூப்பர் என்ஜின்’ என்று மாணவர்கள் சந்தோஷப்படுவதைப் பார்த்திருக்கிறேன். அணைத்துவிட்டோம் என்று நீங்கள் நினைக்கும் மேக்னெட்டோ அணையவே இல்லை என்பதுதான் அதன் பொருள். பி-லீடு என்று நாங்கள் சொல்லும் எர்த் வயர் அறுந்திருக்கும். சாவியை எடுத்துப் பையில் போட்ட பிறகும், யாராவது பிரொப்பெல்லரைக் கையால் அசைத்தால் என்ஜின் பற்றிக்கொள்ளும். உதறுகிற என்ஜினைவிட எனக்கு இந்த ‘சூப்பர் என்ஜின்’ மேல்தான் பயம் அதிகம்.

கேள்வி: எங்கள் பழைய செஸ்னா 172-ல் தினமும் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் ஒரு நிமிடம் பயங்கரமாக உதறுகிறது. பிறகு நாள் முழுக்க ஒரு குறையும் இல்லை. எட்டு பிளக்கும் மாற்றியாயிற்று, பிளக் வயர்களான இக்னிஷன் ஹார்னஸும் மாற்றியாயிற்று. கம்ப்ரெஷன் நாலு சிலிண்டரிலும் நன்றாக இருக்கிறது. அடுத்து மேக்னெட்டோவைக் கழற்றச் சொல்கிறார் சீனியர்.
(விமானப் பராமரிப்புக்கான ஏ.எம்.இ. படிப்பு முடித்து, பயிற்சி பெறுபவர்)

பதில்: தம்பி, மேக்னெட்டோவில் கை வைக்காதீர்கள். ‘முதல் ஸ்டார்ட்டில் மட்டும்’ என்று எழுதினீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. மேக்னெட்டோ காயில் பழுதானால் பொதுவாகச் சூடான பிறகுதான் காலை வாரும். குளிரில் மக்கர் செய்து, சூடு ஏறியதும் தெளிவது எக்ஸாஸ்ட் வால்வின் குணம். அமெரிக்க ஹேங்கர்களில் இந்த நோய்க்கு ‘மசக்கை’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

எரிந்த புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வின் தண்டு, கைடு என்ற சின்னக் குழாய்க்குள் ஏறி இறங்குகிறது. அங்கே இருக்கும் சூட்டில் ஆயில் கருகி, ஈயத்தோடு சேர்ந்து, கைடின் உள்சுவரில் கெட்டிப் படிவாகிவிடும். இரவில் என்ஜின் ஆறியதும் இடைவெளி சுருங்குகிறது. காலையில் திறந்த வால்வு மூட முடியாமல் பாதியில் நிற்கிறது. அந்த சிலிண்டரில் அழுத்தமே இல்லை. ஒரு நிமிடத்தில் சூடு பரவி இடைவெளி விரிந்ததும் வால்வு விடுபட்டுவிடுகிறது. கம்ப்ரெஷன் டெஸ்ட் எப்போது எடுத்தீர்கள்? என்ஜினைச் சூடாக்கிய பிறகுதானே? அப்படித்தான் எடுக்கவும் வேண்டும். ஆனால் வால்வு அப்போது நல்ல பிள்ளையாகிவிடும். 80-க்கு 76 காட்டும். சீனியரும் சிலிண்டரைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்.

நாளைக் காலையில், வேறு யாரும் ஸ்டார்ட் செய்வதற்கு முன், நீங்கள் போங்கள். ஸ்டார்ட் செய்து, உதறல் இருக்கும்போதே, அது தெளிவதற்குள் அணைத்துவிடுங்கள். மேக்னெட்டோ ஆஃப், மிக்ஸ்சர் வெளியே, சாவி உங்கள் கையில். பிறகு என்ஜின் மூடியான கவுலிங்கைத் திறந்து, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை ஒவ்வொரு எக்ஸாஸ்ட் குழாயின் கழுத்திலும் காட்டுங்கள். மூன்று கொதிக்கும், ஒன்று மட்டும் சாவகாசமாக இருக்கும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள்; ‘சுர்’ என்று போகாமல் எதில் வழிகிறதோ அந்த சிலிண்டர்தான். உள்ளங்கையை வைத்துப் பார்க்கும் வீர விளையாட்டு வேண்டாம்.

எந்த சிலிண்டர் என்று தெரிந்துவிட்டால் மேற்கொண்டு வழி லைகாமிங் காகிதங்களிலேயே இருக்கிறது. சர்வீஸ் புல்லட்டின் 388, வால்வுக்கும் கைடுக்கும் உள்ள ஆட்டத்தை அளக்கச் சொல்கிறது. சர்வீஸ் இன்ஸ்ட்ரக்ஷன் 1425, சிலிண்டரைக் கழற்றாமலே கைடைச் சுத்தம் செய்யும் முறையைச் சொல்கிறது. பிளக் ஓட்டை வழியாக நைலான் கயிற்றை உள்ளே திணித்து, பிஸ்டனை மேலே கொண்டுவந்தால் கயிறு வால்வைக் கீழே விழாமல் தாங்கிக்கொள்ளும். ஸ்பிரிங்கைக் கழற்றி, கயிற்றை எடுத்து, வால்வை உள்ளே தள்ளிவிட்டு, கிரீஸ் தடவிய ரீமரால் கைடைச் சுரண்டலாம். இதெல்லாம் சுலபம். சிலிண்டருக்குள் கிடக்கும் வால்வை பிளக் ஓட்டை வழியாகவே பிடித்துத் திரும்பக் கைடுக்குள் நுழைக்க வேண்டுமே, அங்கேதான் மதியச் சாப்பாடு ஆறிப்போகும். வேலை முடிந்து கையெழுத்துப் போடப்போவது பிஸ்டன் என்ஜின் விமானங்களுக்கான பி1.2 லைசென்ஸ் உள்ளவர். அவர் பக்கத்தில் இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம்.

ஒரு நிமிடத்தில் தானே சரியாகிறதே என்று விட்டுவைத்தால், ஒரு நாள் அது விடுபடாது. வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பியான புஷ்ராட் வளையும், அதன் உறை நசுங்கி ஆயில் ஒழுகும், ஆகாயத்தில் ஒரு சிலிண்டர் போய்விடும். ஆயில் மாற்றும் கணக்கையும் எடுத்துப் பாருங்கள். ஃபில்டர் இருந்தால் 50 மணி நேரம், வெறும் வலை மட்டும் இருந்தால் 25, அல்லது நாலு மாதம். எது முந்துகிறதோ அது. மழைக்காலத்தில் விமானம் சும்மா நிற்கும்போது மணிக்கணக்கு ஓடாது, மாதக்கணக்கு ஓடிக்கொண்டேயிருக்கும். எல்லா கிளப்பிலும் மறக்கப்படுவது அதுதான்.

கேள்வி: விமானம் ஓட்டப் பழகும் என் பேரன், என்ஜினுக்குள் ஐஸ் கட்டி உதறியது என்கிறான். சென்னை உக்கிரத்தில் ஐஸா? கதை விடுகிறானா?
(ஓய்வு பெற்ற ஆசிரியை, தாம்பரம்)

பதில்: பேரன் சொல்வது நிஜம் டீச்சர். உங்கள் வீட்டு மண்பானையில் நீர் ஆவியாகிக் குளிர்கிற அதே கணக்குதான். காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று விரைந்து அழுத்தம் குறைகிறது. அங்கேயே பெட்ரோல் ஆவியாகிறது. இரண்டும் சேர்ந்து உள்ளே வெப்பத்தை 30 டிகிரிக்கு மேல்கூட இறக்கிவிடும். வெளியே 28 டிகிரி என்றால் உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே. காற்றில் ஈரம் இருந்தால் அது த்ராட்டில் தகட்டில் உறைந்து, காற்று வரும் வழியை அடைக்கும். 21 டிகிரிக்குக் கீழே, ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேலே இருக்கும்போது வாய்ப்பு மிக அதிகம். 38 டிகிரியிலும் 50 சதவீத ஈரத்திலும்கூட நடக்கலாம் என்கிறது அமெரிக்க விமானத் துறையின் கையேடு. மழை விட்ட மாலையில் கடற்கரைப் பட்டணத்து ஈரத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இறங்குவதற்காக த்ராட்டிலைக் குறைத்திருக்கும் நேரம்தான் இதற்கு வாகானது; தகடு பாதி மூடியிருக்கும், என்ஜின் சூடும் குறைந்திருக்கும். முதலில் ஆர்.பி.எம். சத்தமில்லாமல் நழுவும், பிறகு உதறும். கார்புரேட்டர் ஹீட் குமிழை முழுக்க இழுத்தால் எக்ஸாஸ்ட் சூட்டில் காய்ந்த காற்று உள்ளே போகும். இந்த இடத்தில்தான் புதுப் பையன்கள் ஏமாறுவார்கள். இழுத்ததும் ஆர்.பி.எம். இன்னும் இறங்கும், உருகிய தண்ணீரை என்ஜின் விழுங்கி முன்னைவிட மோசமாக உதறும். பயந்துபோய்க் குமிழைத் திருப்பித் தள்ளிவிடுவார்கள். தள்ளக் கூடாது. கொஞ்ச நேரத்தில் தெளிந்து, ஆர்.பி.எம். மேலே ஏறும்.

எங்களைப் போன்ற மெக்கானிக்குகளுக்கு இது ஒரு தலைவலி. விமானம் ஹேங்கருக்கு வருவதற்குள் சாட்சி உருகி ஓடியிருக்கும். நாங்கள் பிளக்கைக் கழற்றுவோம், மாட்டுவோம், ‘சோதித்தோம், சரியாக உள்ளது’ என்று எழுதுவோம். உயரம் எத்தனை, வெளியே வெப்பம் எத்தனை, த்ராட்டில் எங்கே இருந்தது என்று பேரன் குறித்து வைத்திருந்தால் அதுதான் ஆதாரம். குறிக்கச் சொல்லுங்கள், உங்கள் பேச்சைக் கேட்பான். எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் உள்ள புதிய 172-களில் கார்புரேட்டரே கிடையாது, ஆகவே இந்த உபத்திரவமும் இல்லை.

கேள்வி: மகன் பைலட் ஆகப் படிக்கிறான். என்ஜின் உதறினால் விமானம் விழுந்துவிடுமா?
(ஒரு தகப்பன், நாமக்கல்)

பதில்: விழாது ஐயா. ஒரு மேக்னெட்டோ முழுக்கப் போனாலும் மற்றது ஓட்டிக்கொண்டு வரும். ஒரு சிலிண்டர் போனால் உதறல் பயங்கரமாக இருக்கும், உயரம் ஏறாமல்கூடப் போகலாம், ஆனாலும் பெரும்பாலும் கொஞ்சம் இழுவை மிஞ்சும். என்ஜின் அறவே நின்றாலும் காற்றில்லாத நாளில் 3000 அடியிலிருந்து சுமார் 8 கிலோமீட்டர் மிதந்துகொண்டே போகும் விமானம் அது. அதற்குள் ஒரு வயலைப் பார்த்து இறக்கும் பயிற்சியைத்தான் உங்கள் மகனுக்குத் திரும்பத் திரும்பக் கொடுக்கிறார்கள்.

கேள்வி: என் ஒர்க்‌ஷாப்புக்கு வர்ற பைக்கெல்லாம் ஃப்யூல் இன்ஜெக்ஷன், அதான் எஃப்.ஐ. ஆயிடுச்சு. நீங்க இன்னும் மேக்னெட்டோ, கார்புரேட்டர்னு பேசறீங்களே, வெட்கமா இல்லையா? அப்படியே 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் ஊத்தி ஓட்டலாமான்னும் சொல்லுங்க.
(டூவீலர் மெக்கானிக், கோவை)

பதில்: வெட்கம் இல்லை, கொஞ்சம் பொறாமை உண்டு அண்ணாச்சி. ஆனால் உங்கள் எஃப்.ஐ. பைக்கில் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் கழற்றிவிட்டு ஓட்டிக் காட்டுங்கள் பார்ப்போம். மேக்னெட்டோவுக்கு வெளியிலிருந்து கரண்டே வேண்டாம், சுழன்றால் பொறி. எச்.ஏ.எல். செய்து 1958-ல் முதலில் பறந்த நம் புஷ்பக் விமானத்தின் 90 குதிரைத்திறன் கான்டினென்டல் என்ஜினை பிரொப்பெல்லரைக் கையால் சுழற்றியே கிளப்புவார்கள். மின்சாரம் மொத்தமாகப் போனாலும் என்ஜின் நிற்காது என்பது ஆகாயத்தில் பெரிய சொத்து. எலக்ட்ரானிக் இக்னிஷனும் வந்துவிட்டது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் சான்றிதழ் வாங்க வேண்டியிருப்பதால் மெதுவாக வருகிறது.

இ20 வேண்டவே வேண்டாம். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் சீல்களையும் ஹோஸ்களையும் கெடுக்கும், உயரத்தில் குழாயிலேயே ஆவியாகி வழியை அடைக்கும். ரோட்டாக்ஸ் 912 வகை என்ஜின்களுக்கு 10 சதவீத எத்தனால் வரை அனுமதி உண்டு. லைகாமிங், கான்டினென்டல் வைத்த நம் பயிற்சி விமானங்களுக்கு அந்தப் பேச்சே இல்லை. ஏவ்காஸை முன்பு இறக்குமதி செய்துகொண்டிருந்தோம். 2022-ல் இந்தியன் ஆயில் வதோதராவில் தயாரித்து விற்க ஆரம்பித்துவிட்டது.

கேள்வி: ஐடிலில் மட்டும் உதறல். த்ராட்டிலைக் கூட்டினால் சரியாகிவிடுகிறது. மேக்னெட்டோ செக்கும் சரி.
(கிளப் உறுப்பினர், பெங்களூரு)

பதில்: முதலில் செலவில்லாத வேலை: ஸ்டார்ட் செய்யும் முன் கையால் பெட்ரோல் தள்ளும் பிரைமர் குமிழ் பூட்டியிருக்கிறதா பாருங்கள். தள்ளிவிட்டுத் திருப்பிப் பூட்டாமல் விட்டால், ஐடிலில் இருக்கும் உறிஞ்சலுக்கு எரிபொருள் அந்த வழியாகவும் கசிந்து, கறுப்புப் புகையோடு ஓடும். பூட்டியிருந்தால், நேர் எதிரான சந்தேகத்துக்குப் போங்கள்: காற்று உள்ளே போகும் இன்டேக் குழாயின் கேஸ்கெட்டிலோ ரப்பர் இணைப்பிலோ காற்று கசிகிறது. த்ராட்டில் மூடியிருக்கும்போது உள்ளே வெற்றிடம் அதிகம், வெளிக்காற்று புகும். முழுக்கத் திறந்தால் உள்ளும் வெளியும் ஏறக்குறைய சமம், கசிவு தெரியாது. இரண்டில் எது என்று பிரிக்க, ஐடிலில் மிக்ஸ்சரை மெல்ல வெளியே இழுங்கள். அணைவதற்கு முன் ஆர்.பி.எம். 25 முதல் 50 வரை ஏறினால் சரி. அதற்கு மேல் துள்ளினால் எரிபொருள் அதிகம். ஏறாமலே செத்தால் காற்று அதிகம். கேஸ்கெட் ஓரத்தில் நீலக் கறை தெரிந்தால் அது ஏவ்காஸின் சாயம், கசிவு அங்கேதான்.

கேள்வி: ஒரு மாதம் நிறுத்தி வைத்திருந்த 152, கிளம்பி அரை மணி கழித்துத் திணறியது. இறங்கி டேங்க் மூடியைத் திறந்தால் ‘புஸ்’ என்று காற்று உள்ளே போனது. பிறகு சரியாகிவிட்டது.
(இன்ஸ்ட்ரக்டர், பெயர் வேண்டாம்)

பதில்: இந்த மாதத்தில் ‘எப்போது’ என்பதை ஒழுங்காக எழுதிய சிலரில் நீங்களும் ஒருவர். டேங்குக்குள் காற்று விடும் வழியான வெண்ட் அடைத்திருக்கிறது. எரிபொருள் குறையக் குறைய உள்ளே காற்று வர வழியில்லாமல் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் கீழே இறங்க மறுத்திருக்கிறது. இடது இறக்கைக்கு அடியில், இறக்கையைத் தாங்கும் கம்பமான ஸ்ட்ரட் பக்கத்தில் இருக்கும் வெண்ட் குழாயைப் பாருங்கள். குளவி மண்ணால் கூடு கட்டியிருக்கும். மூடியில் உள்ள வெண்ட்டையும் சேர்த்துப் பாருங்கள், அதுவும் மக்கர் செய்யாமல் இப்படி ஆகாது. கம்பியை விட்டுக் குத்திவிடாதீர்கள், உள்ளே சின்ன வால்வு ஒன்று இருக்கிறது, உடைந்துவிடும். குழாயை முறையாகக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அடுத்த முறை நிறுத்தும்போது சிவப்பு ரிப்பன் தொங்கும் மூடியைப் போட்டு வையுங்கள், பறக்கும் முன் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.